வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் செலவு பற்றிய பேச்சு எடுத்தால் கடைசியில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள், ஏனென்றால் நான் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு எழுதி வருகிறவள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பெரிய செலவை முதலில் பாருங்கள், கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுவதை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, வீட்டில் ஒருவருடைய சாப்பாட்டையோ உடம்பையோ குறைத்து வருகிற மிச்சத்தை நான் மிச்சமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

"சம்பளம் வந்த பத்தாம் நாளே கையில ஒன்னும் நிக்க மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா."

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். டீக்குக் கொடுத்த பதினைந்து ரூபாயும் பையனுக்கு வாங்கிய ஸ்கேலும் உட்பட எல்லாமே நோட்டில் வர வேண்டும். மாத முடிவில் அதை மூன்றாகப் பிரியுங்கள்: வாடகை, ஸ்கூல் ஃபீஸ், தவணை என்று நம்மால் உடனே மாற்ற முடியாதவை ஒரு பக்கம், மளிகை, காய்கறி, கேஸ், கரண்ட், பெட்ரோல் என்று கூட்டிக் குறைக்கக் கூடியவை ஒரு பக்கம், எப்போதாவது வருகிறவை ஒரு பக்கம்.

பெரும்பாலான வீடுகளில் ஓட்டை அந்த மூன்றாவது பக்கத்தில்தான் இருக்கும். தீபாவளி, பொங்கல், ஜூன் மாதப் பள்ளிச் செலவு, வண்டி இன்ஷூரன்ஸ், ஆவணியிலும் தையிலும் வரிசை கட்டி வரும் கல்யாணங்கள் எல்லாம் வருஷா வருஷம் வருகின்றன, ஆனாலும் ஒவ்வொரு முறையும் 'திடீர்ச் செலவு' என்கிறோம். வருஷத்துக்கு இவற்றுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கூட்டி, 12 ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதச் செலவாகவே வைத்து ஒதுக்கிவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே கைமாற்று வாங்குவது பாதியாகக் குறைகிறதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"நோட்டுல எழுதணுமா, போன்ல ஆப் இருக்கே, அது போதாதா?"

எது உங்களுக்குத் தொடர்ந்து வருமோ அது. போனிலிருந்தே பணம் அனுப்புகிறவர்களுக்குப் பாதிக் கணக்கு அதிலேயே இருக்கிறது, ஆனால் யாருக்குப் போனது என்று தெரியுமே தவிர எதற்குப் போனது என்று தெரியாது. அண்ணாச்சி கடைக்கு 340 ரூபாய் போயிருக்கும், அதில் பருப்பு எவ்வளவு, சிப்ஸ் பாக்கெட் எவ்வளவு என்று நீங்கள்தான் எழுத வேண்டும். காய்கறிக்கும் சில்லறைச் செலவுக்கும் மட்டும் வாரம் ஒரு முறை ரொக்கமாக எடுத்துப் பர்ஸில் வைத்துச் செலவு செய்து பாருங்கள். பர்ஸில் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரிகிறது, போனில் அது தெரிவதில்லை.

"மாசம் 22 ஆயிரம்தான் வருது. இதுல எத்தனை சதவீதம் சேமிக்கணும்?"

சதவீதம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைவிட மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறவர்கள். வாடகையும் ஃபீஸும் போக மிஞ்சுவது எட்டாயிரம் என்றால் அதில் இருபது சதவீதத்தைத் தேடுவது மனவருத்தத்தில்தான் முடியும். சம்பளம் வந்த அன்றே, மற்ற எதற்கும் முன்னால், 500 ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம். ஆறு மாதம் கழித்து 700 ஆக்க முடிகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்தால் மிஞ்சாது.

"மளிகை மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்குறது லாபமா, அப்பப்ப வாங்குறது லாபமா?"

கெடாத சாமான் மாதத்துக்கு ஒரு முறை, பட்டியல் எழுதிக்கொண்டு போய், மொத்தக் கடையில். மதுரைக்காரர்களுக்குக் கீழமாசி வீதி இருக்கிறது, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். தனியாகப் போய்வர ஆட்டோ கொடுத்தால் மிச்சம் அதிலேயே போய்விடும், அதனால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து போங்கள். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை எடுக்காமல் கூடையை எடுங்கள், பட்டியலில் இல்லாததைத் தொடாதீர்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடவும் வேண்டாம். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று எம்ஆர்பி பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி. அதை ஒப்பிட்டால் சில சமயம் இரண்டு சின்னப் பாக்கெட் ஒரு பெரிய பாக்கெட்டைவிட மலிவாக இருக்கும். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கிற பிஸ்கட், சோப்பு வகைகளும் அந்த எண்ணில் அகப்பட்டுக்கொள்ளும்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்றும் பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை உள்ள, பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள், அதற்கு மேல் எடை போனால் அந்த வரி இல்லை. அதனால்தான் 26. குடும்பம் சின்னது என்றால் இரண்டு வீடாகச் சேர்ந்து ஒரு மூட்டையை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பெயரில்லாத மூட்டையைத் திறந்து வைத்து எடைபோட்டுக் கொடுக்கும் கடையிலும் அந்த வரி கிடையாது.

"எங்க அம்மா வருஷத்துக்கே புளி, மிளகாய் வாங்கி வைப்பாங்க. இப்பவும் அது தேவையா?"

புளிக்கும் மிளகாய்க்கும் இன்றும் லாபம்தான். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வாங்கி, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி மண் பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வைத்தால் அடுத்த வருஷம் வரை நிற்கும். மிளகாயும் அதே சமயத்தில்தான் விலை இறங்கும். வாங்கி, காம்போடு நன்றாகக் காயவைத்து, மல்லியோடு மில்லில் கொடுத்து அரைத்து வைத்தால் பாக்கெட் மசாலாத்தூள் வாங்குகிற செலவு பெருமளவு குறைகிறது. பருப்பைப் புது வரத்து வரும்போது மூன்று மாதத்துக்கு வாங்கினால் போதும்.

வருஷத்துக்கு வாங்கக் கூடாதவையும் இருக்கின்றன. ரவை, மைதா, கடலை மாவு வண்டு பிடிக்கும். எண்ணெய் காறிப் போகும், அதிலும் செக்கு எண்ணெயை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். அரிசிக்குள் வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து போட்டு வைப்பது உதவும், ஆனால் ஈரக் கையோடு அள்ளினால் எதைப் போட்டும் பயனில்லை. இதற்கெல்லாம் வெயில் விழும் மொட்டை மாடியும் இரண்டு நாள் கவனிக்க ஆளும் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் மாதாமாதம் வாங்குவதுதான் சரி, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

"காய்கறி விலை கேட்டாலே பயமா இருக்கு. என்ன பண்றது?"

உழவர் சந்தைக்குப் போங்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை திறந்தார்கள், இப்போது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், விவசாயியே விற்பதால் நடுவில் ஆள் இல்லை. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் காலையிலேயே போக வேண்டும், பை கொண்டுபோக வேண்டும்.

ஆனால் எனக்குத் தெரிந்து பணம் அதிகம் வீணாவது வாங்கும் விலையில் இல்லை, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகிப் போகிற காயில்தான். மலிவாக இருக்கிறதே என்று மூன்று கிலோ தக்காளி வாங்கி ஒரு கிலோவைத் தூக்கி எறிந்தால் மலிவு எங்கே? கீரை, வெண்டை, கத்தரி முதலில். கேரட், பீன்ஸ் நடுவில். பூசணி, சேனை, உருளை, வெங்காயம் கடைசியில் என்று சமையல் வரிசையைக் காயைப் பார்த்து வையுங்கள். எந்தக் காய்க்கு விலை ஏறுகிறதோ அதை ஒரு வாரம் விட்டுவிடலாம். தக்காளி நூறைத் தொடும் நாளில் புளி ரசமும் மோர்க்குழம்பும் இருக்கின்றன.

"ரேஷன் பருப்பு, பாமாயில் வாங்கலாமா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

வாங்குங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. உங்கள் கார்டு எந்த வகை, அதற்கு என்னென்ன உண்டு என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சர்க்கரை மட்டும் என்று பதிவான கார்டுகளும் இருக்கின்றன.

பச்சரிசி நன்றாக இருக்கிற மாதம் அதை மாவாக்கி இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், புழுங்கல் அரிசியை இட்லிக்கு ஊறப்போடலாம். சாப்பிடுவதற்கென்று வேறு அரிசி வாங்கினாலும் இட்லி அரிசிச் செலவு நிற்கும். உங்களுக்கு வேண்டாம் என்றால் வாங்காமல் விட்டுவிடுங்கள், வாங்கி வெளியில் விற்பது மட்டும் தவறு. வெட்கம் பற்றிக் கேட்டால், அது நம் வரிப்பணத்தில் நமக்கு வருகிற பொருள், வரிசையில் நிற்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

"எங்க வீட்ல கேஸ் முப்பது நாள் கூட வர மாட்டேங்குது. மத்தவங்களுக்கு எப்படி நாப்பத்தஞ்சு நாள் வருது?"

முதலில் உங்களுக்கு முழு கேஸ் வருகிறதா என்று பாருங்கள். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை. கொண்டுவரும் தம்பியிடம் தராசு கேளுங்கள், எடைபோட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்தால்தான் எத்தனை நாள் வந்தது என்று நிஜமாகத் தெரியும்.

அப்புறம் சமைக்கிற முறை. பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி மூன்றையும் ஊறவைத்துப் போட்டால் நேரம் நன்றாகவே குறையும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், விசில் மேல் விசில் விடுவது ஆவியை வெளியே தள்ளுவதுதான். சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்கி வையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்த குழம்பை நேராக அடுப்பில் ஏற்றாமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். காலையில் நான்கு பேர் நான்கு நேரத்தில் காபி கேட்டால் நான்கு முறை பால் காய்ச்சாமல் ஒரே முறை காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள்.

ஆனால் ரப்பர் குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷம் ஆனால் மாற்றிவிட வேண்டும்.

"போன தடவை கரண்ட் பில் 1,800, இந்தத் தடவை கொஞ்சம்தான் கூட ஓடுச்சு, ஆனா எக்கச்சக்கமா ஏறிருச்சு. மீட்டர்ல தப்பா?"

மீட்டரில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு, நீங்கள் 500 யூனிட்டைத் தாண்டியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் இலவசம். இரண்டு மாத மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குப் பாதி விலைச் சலுகை உண்டு. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் முழு விலை. அதனால் அந்த ஒரு யூனிட்டுக்காக மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது, அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாயைத் தாண்டும்.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: கணக்கெடுத்த நாளிலிருந்து முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். கணக்கெடுத்த அன்று இருந்த எண்ணைக் கழித்து 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த முப்பது நாள் கவனமாக இருக்க வேண்டும். 450-க்கும் 550-க்கும் நடுவில் ஊசலாடுகிற வீட்டுக்கு இந்த ஒரு பழக்கம் கொடுக்கிற லாபத்தை வேறு எதுவும் கொடுக்காது.

"லைட்டை எல்லாம் அணைச்சுக்கிட்டே இருக்கேன், பில் குறையவே இல்லையே?"

எல்இடி பல்பு 9 வாட்ஸ். அது நூறு மணி நேரத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட். அணையுங்கள், நல்ல பழக்கம்தான், ஆனால் பில்லில் தெரியாது. ஆயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற கணக்கை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கீசர் 2,000 வாட்ஸ், அரை மணி நேரத்தில் ஒரு யூனிட். நான்கு பேருக்காகத் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். மதுரை வெயிலில் சித்திரை, வைகாசிக்குக் கீசரே வேண்டாம், தொட்டித் தண்ணீரே சுடுகிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு இரவில் 6 முதல் 10 யூனிட் வரை இழுக்கும். 24க்குக் கீழே வைக்காமல் 26இல் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள், ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம். பழைய ஃபிரிட்ஜில் கதவு ரப்பரை ஒரு தாள் வைத்து மூடிப் பாருங்கள், தாள் உருவிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது.

கிரைண்டருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். மேஜை மேல் வைக்கிற கிரைண்டர் 150 வாட்ஸ்தான், முக்கால் மணி நேரம் அரைத்தாலும் யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் மூன்று கிலோ மாவு வரும். பாக்கெட் மாவு விலையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிற வீட்டில், மனைவியையே மாவும் அரை என்று சொல்வதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. கணவர் அரைக்கட்டும், அல்லது பாக்கெட் வாங்குங்கள்.

"பிஎல்டிசி ஃபேன் மாத்தச் சொல்றாங்களே, மாத்தலாமா?"

உங்கள் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட்ஸ், குறைந்த கரண்ட் இழுக்கும் மோட்டார் வைத்த இந்த பிஎல்டிசி விசிறி சுமார் 30. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். 500ஐத் தாண்டுகிற வீட்டுக்கு அது 300 ரூபாய்க்கு மேல், மூவாயிரம் ரூபாய் விசிறியின் விலை ஒன்றரை இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும். மொத்தமே 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்கு அந்த யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்கூட வராது, அதனால் போட்ட பணம் திரும்ப ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர்கள் பழையது ரிப்பேர் ஆகும்போது மாற்றினால் போதும்.

"நாங்க வாடகைக்கு இருக்கோம். ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய்னு வாங்குறார். எங்களுக்கு இந்தக் கணக்கு எல்லாம் பொருந்துமா?"

500 கணக்கு பொருந்தாது. சப் மீட்டர் வைத்து ஒரே விலை வாங்கும் வீட்டில் இலவச 100 யூனிட்டும் உங்களுக்கு வருவதில்லை, சலுகையும் வருவதில்லை. முதலில், புதிதாக வீடு பார்க்கும்போதே தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் வாடகை அதிகமாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீடு சில சமயம் லாபமாக முடியும். இருக்கிற வீட்டில், மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்ளலாமா என்று பொறுமையாகப் பேசிப் பாருங்கள்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் என்பதால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழு 9 ரூபாய். அதனால் மேலே சொன்ன விசிறி, மொத்தமே 150 யூனிட் ஓடுகிற வாடகை வீட்டுக்கும் போட்ட பணத்தைச் சீக்கிரமே எடுத்துக் கொடுத்துவிடும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

"மருந்துச் செலவுதான் எங்களைச் சாப்பிடுது. மாமாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும்."

டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகம் எனப்படும் மத்திய அரசின் கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளில்தான் இந்த வித்தியாசம் பெரிது. மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை இலவசம்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள், 5 லட்சம் வரை உண்டு. அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் தனியார் மருத்துவக் காப்பீட்டை வீண் செலவு என்று நிறுத்தாதீர்கள். பத்து வருஷச் சேமிப்பை ஒரே வாரத்தில் கரைக்கக் கூடியது ஆஸ்பத்திரி மட்டும்தான்.

"வட்டியில்லாத் தவணைனு போடுறாங்களே, அதுல வாங்கினா நஷ்டம் இல்லைல?"

வட்டி இருக்கிறது, அதை விலையில் தள்ளுபடியாகக் காட்டிச் சமன் செய்கிறார்கள். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில், செயலாக்கக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி. முழுப் பணம் கொடுத்தால் கடைக்காரர் குறைக்கக் கூடியதும் போயிற்று. ஒரு தவணை தவறினால் அபராதம். ஃபிரிட்ஜ் கெட்டுப்போய் உடனே வாங்கியாக வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். போன் நன்றாக இருக்கும்போதே புதுப் போனுக்கு எடுப்பதாக இருந்தால், அந்தத் தவணைத் தொகையை ஆறு மாதம் உங்களுக்கே கட்டிப் பாருங்கள், கட்ட முடிந்தால் அந்தப் பணத்திலேயே வாங்கலாம்.

"நகைக்கடைச் சீட்டு, ஏலச்சீட்டு, போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, எதுல போடட்டும்?"

எதற்குச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகளுக்கு நகை கண்டிப்பாக வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நகைச்சீட்டில் சேதாரமும் செய்கூலியும் குறைவது உண்மையான லாபம். ஆனால் எத்தனை சதவீதச் சேதாரம் வரை தள்ளுபடி, மாதா மாதம் கட்டுகிற பணம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகிறதா அல்லது பணமாகவே நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை ஏறுகிற காலத்தில் அந்த இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட்டுக்கு இருப்பது போல 5 லட்சம் வரை காப்பீடு கிடையாது, கடையை மூடினால் போராட வேண்டியதுதான். வாங்கும்போது ஹால்மார்க்கோடு ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

ஏலச்சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தது மட்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நடத்துகிறவர் சீட்டுத் தொகையில் 7 சதவீதம் வரை கமிஷன் எடுத்துக்கொள்ளலாம், அதையும் கணக்கில் வையுங்கள். நடுவில் பெரிய தொகை தேவைப்படும் தொழில் செய்கிறவர்களுக்கு இது உதவும். சும்மா சேமிக்க நினைப்பவருக்குத் தபால் நிலைய ஆர்டி போதும், மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருஷம், பணத்துக்கு அரசு பொறுப்பு. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் கணக்கு, வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினால்கூடக் கணக்கு நடக்கும்.

"எங்க தெரு அக்கா தீபாவளிப் பண்டு பிடிக்கிறாங்க, நல்லவங்கதான். சேரலாமா?"

அவர் நல்லவராகவே இருக்கலாம். கேள்வி அதுவல்ல. அந்தப் பணத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார், அவருக்கு மேலே யாரிடம் கட்டுகிறார் என்று கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி நெருங்கும்போது பண்டு பிடித்தவரைக் காணோம் என்று செய்தி வருகிறது, ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலை செய்தும் பூக்கட்டியும் சேர்த்த பெண்கள். எனக்கு இதில் ரொம்பவே கோபம் உண்டு. பதிவில்லாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை 2019ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது, ஆனால் வழக்குப் போட்டுப் பணம் திரும்ப எத்தனை வருஷம் ஆகும்? முதல் பதிலில் சொன்னபடி தீபாவளிச் செலவை 12 ஆல் வகுத்து உங்கள் கணக்கிலேயே போட்டால் பட்டாசும் பலகாரமும் நீங்களே வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் நினைவூட்டத் துணை வேண்டும் என்றால், மகளிர் சுயஉதவிக் குழுவில் சேருங்கள், அங்கே பணம் குழுவின் பெயரில் வங்கியில் இருக்கும்.

"மொய் எழுதியே அழியறோம். வராதவங்களுக்கும் செய்ய வேண்டியிருக்கே?"

மொய் நோட்டை எடுத்து, யார் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். வாங்கியது கடன் மாதிரிதான், அதைத் திருப்பி எழுதுவதில் குறைக்கக் கூடாது. நாம் புதிதாகத் தொடங்குகிற இடத்தில்தான் யோசிக்கலாம். ஆபீஸில் பேசிப் பழக்கமில்லாதவர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு கவர் போதும். மொய்யைவிடப் பெரிய செலவு போய்வரும் செலவும் அதற்கென்று எடுக்கும் புடவையும்தான் என்பதையும் கணக்கு எழுதினால் பார்ப்பீர்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது 2021 மே மாதத்திலிருந்தே இருக்கிறது, உள்ளூர் விசேஷத்துக்கு ஆட்டோ வேண்டாம்.

"நான் மட்டும் கட்டுப்படுத்துறேன், வீட்டுக்காரர் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிக்கிட்டே இருக்கார். சண்டைதான் வருது."

கணக்கு நோட்டை அவர் கையில் கொடுங்கள். ஒரு மாதம் மளிகையும் காய்கறியும் அவர் பொறுப்பு என்று வையுங்கள், பட்டியல் எழுதுவதிலிருந்து வாங்கி வருவது வரை. விலை தெரியாதவர்களுக்குத்தான் செலவு லேசாகத் தெரியும். அதோடு, இரண்டு பேருக்கும் மாதம் ஒரு சின்னத் தொகை கேள்வி கேட்காத பணமாக இருக்கட்டும், அவர் பிரியாணி வாங்கட்டும், நீங்கள் பூ வாங்குங்கள். பிள்ளைகளிடம் "காசில்லை" என்று சொல்லி மறைக்காமல், இந்த மாதம் இதற்கு இவ்வளவு வைத்திருக்கிறோம் என்று தொகையைச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் மிச்ச ரசத்தோடு முடித்துக்கொள்வதும், முட்டையைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுத் தான் விட்டுவிடுவதும், பல்வலியை ஆறு மாதம் தள்ளிப்போடுவதும் நிறைய வீடுகளில் நடக்கிறது. அது பெரும்பாலும் அம்மாதான். கணக்கில் அவருக்கும் ஒரு முட்டை எழுதுங்கள்.

"கடன் இருக்கு. கடனை அடைக்கவா, சேமிக்கவா?"

எல்லாக் கடனையும் வட்டியோடு ஒரே தாளில் எழுதுங்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு நாற்பதை நெருங்கும். கைமாற்றாக வட்டிக்கு வாங்கியது அதைவிட மோசமாகக்கூட இருக்கலாம். எந்த ஆர்டியும் அந்த அளவுக்குத் தராது, அதனால் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். வீட்டில் நகை இருந்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கி அந்தக் கந்துவட்டியை அடைப்பது நல்ல கணக்கு, ஆனால் மீட்கும் தேதியைக் காலண்டரில் எழுதி மாதாமாதம் அசலிலும் கட்ட வேண்டும், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

இருந்தாலும் மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்த 500 ரூபாயை நிறுத்த வேண்டாம். கையில் ஐயாயிரம் இருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி மறுபடியும் வட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்காது. அந்த ஐயாயிரம் சேரும் வரை கடனுக்குக் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுங்கள், சேர்ந்த பிறகு மிஞ்சுகிற எல்லாவற்றையும் கடனுக்கே போடுங்கள்.